அத்தைக்கு மீசை முளைத்தால்...

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா.

இந்த வாக்கியம் புரியாத தமிழர் யாராவது உண்டா? ஆறு வயசுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், சிரிக்கும். அத்தைக்கு மீசை முளைக்காது, அத்தை சித்தப்பா ஆகப்போவதும் இல்லை என்று அதற்குத் தெரியும். நடக்கவே நடக்காத ஒன்றை ஒரு நொடி நடந்ததாக வைத்துக்கொண்டு எதிராளியின் வாயை அடைக்கிற வித்தை. தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் இதை விளக்க நாற்பது பக்கம் எடுத்துக்கொள்வார்கள். நம் பாட்டிகள் நாலே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

அதே பிள்ளை பத்து வருஷம் இங்கிலீஷ் படிக்கிறது. பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் 'இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை' என்று எழுதிப்போட்டால் திருதிருவென்று விழிக்கிறது.

''மிஸ், ஐ-க்கு வாஸ்தானே வரும்?''

''இங்கே வேர்தான் வரும்.''

''இப்ப பேசுறதுக்கு எதுக்கு மிஸ் பாஸ்ட் டென்ஸ்?''

''அது டைப் டூ. அப்படித்தான். எழுதிக்கோ.''

எனக்குப் பிள்ளை மேல் கோபம் இல்லை. டீச்சர் மேலும் பெரிதாக இல்லை. அவருக்கு அவருடைய டீச்சரும் இதையேதான் சொல்லியிருப்பார். என் கோபமெல்லாம் அந்த 'அப்படித்தான்' மேல். இரண்டே கேள்வியில் ஒரு பிள்ளை மொழியின் ரகசியத்தைத் தொட்டுவிட்டது. அதை ஒரே வார்த்தையில் மூடிவிட்டோம்.

உங்கள் வீட்டில் பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கிற வாரிசு இருந்தால், அதன் கைடை எடுத்துப் பாருங்கள். 'இஃப் கிளாஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். கட்டம் போட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் பிரசென்ட் வந்தால் அந்தப் பக்கம் 'வில்'. இந்தப் பக்கம் பாஸ்ட் வந்தால் அந்தப் பக்கம் 'வுட்'. இந்தப் பக்கம் 'ஹேட்' வந்தால் அந்தப் பக்கம் 'வுட் ஹாவ்'. அவ்வளவுதான். இதை உருப்போட்டுவிட்டால் மார்க் உறுதி. வாக்கியத்துக்கு அர்த்தம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகமிருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். 'இஃப் த டிங்கு ஹேட் பொங்கட் த மங்கு, இட் ________' என்று எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு 'வுட் ஹாவ்' என்று எழுதும். டிங்கு யார், மங்கு எது, எதற்காகப் பொங்கியது என்று ஒரு வார்த்தை கேட்காது. முழு மார்க்!

இதற்குப் பெயர் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதா? கிளிக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லித்தருவார்கள்.

'ஒரு மார்க் விஷயத்துக்கு ஏன் சார் இத்தனை கொதிப்பு?' என்று கேட்பீர்கள். ஒரு மார்க்கோடு போனால் நானும் பேசாமல் வேறு விஷயம் எழுதப் போயிருப்பேன். போகவில்லையே.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. என்னைப் போலவே பி.காம். ஆனால், என்னைவிட ரொம்ப நல்ல மார்க். ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒருவர், 'இஃப் வி ஆஃபர்ட் யூ எ போஸ்டிங் இன் புனே, வுட் யூ டேக் இட்?' என்று கேட்டார். புனேவில் வேலை கொடுத்தால் போவாயா? இவ்வளவுதான் கேள்வி. இவள் காதில் 'ஆஃபர்ட்' மட்டும் விழுந்தது. பாஸ்ட் டென்ஸ். ஏற்கெனவே கொடுத்ததாகச் சொல்கிறார்கள், நாம் ஏதோ மெயிலைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் போல என்று பதறிப்போய், 'நோ சார், யூ டிட் நாட் ஆஃபர் மீ' என்றிருக்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் சிரித்தார்கள். அப்புறம் அங்கிருந்து போன் வரவே இல்லை. இஃப் கிளாஸில் அவள் ஒருநாளும் மார்க் இழந்தவள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவருக்கு ஒரு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. 'அன்லெஸ் வி ஹியர் ஃப்ரம் யூ' என்று ஆரம்பம். பதினைந்து நாளுக்குள் நீங்கள் வேண்டாம் என்று எழுதாவிட்டால், உங்கள் கணக்கிலிருந்து இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை எடுத்துக்கொள்வோம் என்பது சாரம். (இப்படி ஒரு கடிதம் அனுப்புவது நியாயமா என்பது தனிக் கட்டுரை. அதற்கு இன்னொரு வாரம் வைத்திருக்கிறேன்.) பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பையன் இங்கிலீஷில் தொண்ணூற்றி இரண்டு. படித்துவிட்டு, ''நாம பதில் போட்டாத்தான் பிடிப்பாங்க தாத்தா. போடலைன்னா ஒண்ணும் இல்லை'' என்றான். தலைகீழ்! தாத்தா நிம்மதியாகக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார். அடுத்த மாதம் பென்ஷன் கணக்கிலிருந்து ஆறாயிரம் ரூபாய் போய்விட்டது.

ஒரு பெண்ணின் வேலை, ஒரு கிழவரின் பென்ஷன். இரண்டுமே ஒரே ஒரு 'ஆல்' விகுதி புரியாததால் போனது.

ஆம், 'ஆல்'. நம்முடைய 'ஆல்'. வந்தால், போனால், சொன்னால் என்கிற அந்த 'ஆல்'. இங்கிலீஷ்காரனின் 'இஃப்' என்பது இதுதான். இதை வைத்துக்கொண்டு பிறந்ததிலிருந்து நாம் பேரம் பேசுகிறோம், மிரட்டுகிறோம், வாக்குக் கொடுக்கிறோம், ஏங்குகிறோம். 'ஒழுங்கா சாப்பிட்டா பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவேன்' என்று ஆரம்பிக்கிற வாழ்க்கை. பள்ளிக்கூட வாசலில் கால் வைத்ததும் 'அதை வெளியே விட்டுட்டு வா' என்கிறார்கள்.

முதலில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம். இப்போது பேசுவதற்கு எதற்குப் பாஸ்ட் டென்ஸ்?

'நாளைக்கு மழை பெய்தால்' என்று நீங்கள் சொல்கிறீர்கள் இல்லையா, அதைப் பிரித்துப் பாருங்கள். பெய்த் + ஆல். 'பெய்த்' என்பது என்ன காலம்? பெய்தது, பெய்த... சாட்சாத் இறந்தகாலம்! நாளைக்குப் பெய்யப்போகிற மழைக்கு இறந்தகாலம் போட்டுப் பேசுகிறீர்கள். 'போனால்' என்பதில் இருப்பது 'போன'. 'சொன்னால்' என்பதில் இருப்பது 'சொன்ன'. 'வருவால்' என்றோ 'போவால்' என்றோ எந்தத் தமிழனும் சொன்னதில்லை. 'நாளைக்கு' என்று எதிர்காலத்தை முன்னால் வைத்துவிட்டு, பின்னாலேயே இறந்தகாலத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம். யாருக்கும் தலை சுற்றவில்லை.

ஆக, கற்பனைக்கு இறந்தகால உடுப்பு மாட்டிவிடுவது வெள்ளைக்காரன் மட்டும் செய்கிற கோணங்கித்தனம் கிடையாது. நாமும் செய்கிறோம். சொல்லப்போனால், எப்போதும் நாம் இப்படி இருந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணிக்கொண்டு போகும்போது, நிபந்தனைக்கான 'செயின்' என்பதை எதிர்காலக் கூட்டத்தில் உட்காரவைக்கிறார். திருக்குறளில் வானம் பொய்த்தால் தானமும் தவமும் தங்காது என்று வருகிற இடத்திலும் 'எனின்' என்று இந்த 'இன்' குடும்பம்தான். நாம் இன்று புழங்குகிற 'செய்தால்' இறந்தகால அடியில் கட்டியது. 'பார் தம்பி, நம்ம ஊர்லயும் இதே கதைதான்' என்று ஒரு டீச்சர் ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு 'வேர்' வாழ்நாளுக்கும் மறந்திருக்காது.

அடுத்தது டைப் த்ரீ. இதைத்தான் கைடுகள் பூச்சாண்டி மாதிரிக் காட்டுகின்றன. ரொம்பக் கஷ்டமாம். கடைசியில்தான் நடத்துவார்களாம். நான் சொல்கிறேன், தமிழ்ப் பிள்ளைக்கு இருப்பதிலேயே சுலபமானது அதுதான்.

'வாங்கியிருப்பேன்' என்ற ஒரே வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பின்னாலிருந்து, ரயிலில் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்குகிற மாதிரி, பிரித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் 'ஏன்' இருக்கிறது. அது நான், 'ஐ'. அதற்கு முன்னால் 'ப்ப்'. எதிர்காலம் காட்டுகிற இடைநிலை, அது 'வுட்'. அதற்கு முன்னால் 'இரு', அதுதான் 'ஹாவ்'. முதலில் 'வாங்கி', அது 'பாட்'. சேர்த்துப் படியுங்கள்: 'ஐ வுட் ஹாவ் பாட்.' ஒரு எழுத்து மிச்சமில்லாமல், கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி திரும்பி நிற்கிறது! 'இருந்திருந்தால்' என்பதில் இரண்டு 'இரு' வருகிறதே, அதில் ஒன்று 'ஹேட்', இன்னொன்று 'பீன்'. நான்கு வகுப்பு எடுத்து நடத்துகிற பாடம், இரண்டு வார்த்தையைப் பிரித்தால் முடிந்துவிடும்.

அப்புறம் எதில்தான் நமக்கு உண்மையாகவே கஷ்டம்? டைப் டூவில். அதற்கும் காரணம் இருக்கிறது. 'பணம் இருந்தால் கடை வைப்பேன்' என்று ஒருவர் சொன்னால், பணம் வரும்போல இருக்கிறது என்று சொல்கிறாரா, நமக்கு ஏது பணம் என்று பெருமூச்சு விடுகிறாரா? வாக்கியத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டும். தமிழ் இரண்டுக்கும் ஒரே 'இருந்தால்' போட்டுவிடுகிறது. இங்கிலீஷ் 'ஹாவ்' என்றும் 'ஹேட்' என்றும் பிரித்துவிடுகிறது. பிள்ளைகள் தடுக்கி விழுகிற கல் இந்த ஒன்றுதான். அந்த இடத்தில் ஒரு விளக்கு வைத்தால் போதும். விளக்கும் நம் வீட்டிலேயே இருக்கிறது: 'மட்டும்.' 'என்கிட்ட மட்டும் பணம் இருந்தா...' என்று ஒருவர் ஆரம்பித்தாலே அவரிடம் பணம் இல்லை என்று நமக்குத் தெரிந்துவிடும். 'எனக்கு மட்டும் ரெக்கை இருந்தா...' ரெக்கை கிடையாது. இங்கிலீஷ்காரனும் ஏக்கம் வந்தால் 'இஃப் ஒன்லி' என்கிறான். அந்த 'ஒன்லி' நம்ம 'மட்டும்'தான் சார்! தமிழில் 'மட்டும்' போட்டுச் சொன்னாலும் அர்த்தம் மாறவில்லையா? அப்படியானால் இங்கிலீஷில் ஒரு படி பின்னால் போய்ப் பாஸ்ட் டென்ஸ் போடு. இதுதான் விதி. எந்தக் கைடிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

தாத்தாவின் பென்ஷனைச் சாப்பிட்ட 'அன்லெஸ்'ஸுக்கு வருவோம். அதற்குத் தமிழ் 'ஆலொழிய'. 'நீங்க வந்தாலொழிய நடக்காது' என்பதில் 'வந்தால்' நேராக இருக்கிறது, எதிர்மறை 'ஒழிய'வுக்குள் ஒளிந்திருக்கிறது. 'அன்லெஸ்'ஸும் அதே ஜாதி. இல்லை என்பதை வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. இது தெரியாமல் 'வராவிட்டால்' என்று மனசில் வைத்துக்கொண்டு, 'அன்லெஸ் யூ டு நாட் கம்' என்று ஊரில் பாதிப் பேர் எழுதுகிறார்கள். கூடவே 'இருந்தால்தான்' என்றொன்று உண்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்தத் 'தான்', இங்கிலீஷில் 'ஒன்லி இஃப்'. வீட்டுக் கடன் பத்திரத்தில் 'இஃப்' எங்கே, 'ஒன்லி இஃப்' எங்கே, 'அன்லெஸ்' எங்கே என்று தெரியாமல் கையெழுத்துப் போடுபவர், அடுத்த இருபது வருஷத்துக்கான மாதத் தவணையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்கிறார்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. பி.காம்.காரர்கள் மெர்க்கன்டைல் லா பேப்பரில் இந்திய ஒப்பந்தச் சட்டம் படித்திருப்பீர்கள். 1872-ஆம் வருஷத்துச் சட்டம், இன்றும் அமலில் இருக்கிறது. அதில் 31-ஆவது பிரிவிலிருந்து 36 வரை முழுக்க முழுக்க 'இஃப்' ராஜ்ஜியம். உன் வீடு எரிந்தால் பத்தாயிரம் ரூபாய் தருகிறேன் என்பது ஓர் உதாரணம். இன்ஷூரன்ஸ் பூராவும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். இரண்டு நேர்கோடுகள் சேர்ந்து ஓர் இடத்தை அடைத்துக்காட்டினால் ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்பது 36-ஆவது பிரிவில் வருகிற உதாரணம். இரண்டு நேர்கோடு ஒருநாளும் அடைக்காது. ஆகவே அந்த ஒப்பந்தம் செல்லாது. அத்தைக்கு மீசை முளைத்தால் கதைக்குச் சட்டப் புத்தகத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள். அதே பிரிவில், என் மகளை நீ மணந்துகொண்டால் ஆயிரம் ரூபாய் என்று இன்னோர் உதாரணம் (மகள் அப்போதே இறந்துபோயிருக்கிறாள், பாவம்). அதில் 'இஃப்'புக்குப் பக்கத்திலேயே ஜம்மென்று 'வில்' உட்கார்ந்திருக்கிறது.

'இஃப் பக்கத்தில் வில் வரவே கூடாது' என்று பிரம்பை ஆட்டிச் சொல்கிறவர்கள் இந்தச் சட்டத்தை என்ன செய்வார்கள்? சிவப்பு மையில் சுழித்துவிடுவார்களா? விஷயம் இதுதான்: சம்மதம் கேட்கிற தொனியில் 'இஃப் யூ வில்' வரும். நாமும், 'நீங்க வந்தா' என்பது வேறு, 'நீங்க வருவீங்கன்னா' என்பது வேறு என்று வித்தியாசம் காட்டுகிறோமே. 'வருவீங்கன்னா' என்பதில் எதிராளியின் மனசைக் கேட்கிற ஒரு சின்ன மரியாதை இருக்கிறது. அந்த இடத்தில் 'வில்'லும் வரலாம். மற்ற இடத்தில் 'வந்தால்'தான். பிரம்பு தேவையில்லை, காது போதும்.

இங்கிலீஷ் இலக்கணத்தை இங்கிலீஷ்காரர்களே இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதில்லை. 1980-ல் வெளிவந்த மைக்கேல் ஸ்வானின் 'ப்ராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' உலகம் பூராவும் டீச்சர்களின் மேஜையில் இருக்கிற புத்தகம். இந்த மூன்று டைப்புகள் பழகிப் பார்க்க நல்லதுதான், ஆனால் 'இஃப்' வாக்கியங்கள் அவற்றோடு முடிந்துவிடுவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நம் கைடுகள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை.

நான்காவது ஒன்று இருக்கிறது என்பதற்குச் சென்னைவாசிகளே சாட்சி. 'அன்னைக்கே வேளச்சேரியில ரெண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டிருந்தா இன்னைக்கு நான் கோடீஸ்வரன்.' ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோவை மாமா சரவணம்பட்டி என்பார், மதுரை மாமா கே.கே.நகர் என்பார், அவ்வளவுதான் வித்தியாசம். முன்பாதி அன்றைக்கு, பின்பாதி இன்றைக்கு. இதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் நம் பிள்ளை கட்டத்தைப் பார்த்து, 'ஹேட்'டுக்கு எதிரே இருக்கும் 'வுட் ஹாவ் பீன்' என்பதை எடுத்து ஒட்டிவிடும். 'கோடீஸ்வரனா இருந்திருப்பேன்' என்று ஆகிவிடும். எப்போது இருந்தார், எப்போது இழந்தார்? மாமாவின் சோகமே மாறிவிட்டது! அங்கே வரவேண்டியது வெறும் 'வுட் பி'.

தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் இந்த விஷயத்தில் பேராசிரியர்கள். 'என் பேச்சால் யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.' கேட்டிருப்பீர்கள். கட்சி வித்தியாசம் கிடையாது. மன்னிப்பும் கேட்டாயிற்று, கேட்கவும் இல்லை. புண்பட்டதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை, பட்டிருந்தால் பார்க்கலாம் என்று ஒரு 'ஆல்' போட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அதையே 'புண்பட்டிருந்தால் வருந்தியிருப்பேன்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். யாரும் புண்படவே இல்லை, நான் வருந்தவும் இல்லை என்று அர்த்தம் தலைகீழாகிவிடும். முன்பாதி இரண்டிலும் ஒன்றேதான். வால்தான் வித்தை காட்டுகிறது. இங்கிலீஷில் முதலாவதற்கு 'ஹாவ்', இரண்டாவதற்கு 'ஹேட்'. ஒரு செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டே முழுப் பாடத்தையும் நடத்தலாம். ஆனால் அந்த வகுப்பில் தமிழ்ச் செய்தித்தாளைத் திறந்தால் அபராதம்!

அபராதம் என்பது மிகையில்லை. வளாகத்தில் தமிழ் பேசினால் ஃபைன் போடுகிற பள்ளிக்கூடங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்படாமல் இருக்க முடியாது. ஸ்போக்கன் இங்கிலீஷ் கோச்சிங் நடத்துகிறவர்களும் இதே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள். 'தமிழில் யோசிக்காதே. இங்கிலீஷிலேயே யோசி.' யோசிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் இருந்தால் அவன் எதற்கய்யா உன்னிடம் பணம் கட்டி வரப்போகிறான்?

வெள்ளைக்காரப் பாதிரியார்கள் தமிழ் கற்ற கதையைக் கொஞ்சம் பாருங்கள். ஜி.யு.போப் தமிழ் கற்க வருகிற இங்கிலீஷ்காரர்களுக்காகக் கையேடு எழுதினார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆர்டன் பாதிரியார் 'எ புரோகிரசிவ் கிராமர் ஆஃப் காமன் டமில்' எழுதினார். எந்த மொழியில் எழுதினார்கள்? இங்கிலீஷில். தமிழின் 'ஆல்' என்பது உங்கள் ஊர் 'இஃப்' மாதிரி என்று அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துத் தெரியாததைச் சொன்னார்கள். வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள், கோர்ட்டில் விசாரித்தார்கள், சர்ச்சில் பிரசங்கம் செய்தார்கள். 'தமிழிலேயே யோசி' என்று யாரும் அவர்களை ஃபைன் போடவில்லை. அவன் நம் 'ஆல்' விகுதியைத் தன் 'இஃப்' வழியாகக் கற்கலாம். நாம் அவனுடைய 'இஃப்'பை நம் 'ஆல்' வழியாகக் கற்கக்கூடாது. இது என்ன நியாயம்?

'நம்ம பசங்களுக்கு மூளைக்குள்ளேயே அது ஏறாது சார்' என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு பழைய சண்டை. 1981-ல் ஆல்ஃபிரட் ப்ளூம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு புத்தகம் போட்டார். நடக்காததை நடந்ததாக வைத்துப் பேசுவதற்குச் சீன மொழியில் தனி வடிவம் கிடையாது, அதனால் சீனர்களுக்கு அப்படிப்பட்ட கதைகளைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருக்கிறது என்றார். பெரிய பரபரப்பு. 1983-ல் டெர்ரி ஆவ் என்ற ஆய்வாளர் பதில் கொடுத்தார். ப்ளூம் கொடுத்த கதையின் சீன நடையே சரியில்லை, அதுதான் கோளாறு என்றார். நல்ல சீன நடையில் எழுதிக் கொடுத்ததும் சீனர்கள் ஒழுங்காகப் புரிந்துகொண்டார்கள். இத்தனைக்கும் தமிழுக்கு 'இருந்திருந்தால்', 'இருந்திருப்பேன்' என்று தனித்தனி வடிவமே இருக்கிறது. நம் பிள்ளைக்கு ஏறவில்லை என்றால் மூளையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கைடைச் சந்தேகப்படுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே பிள்ளை கம்ப்யூட்டர் லேபில் 'இஃப்', 'எல்ஸ்' போட்டு புரோகிராம் எழுதுகிறது. எக்ஸெல்லில் 'இஃப்' ஃபார்முலா போட்டு சம்பளப் பட்டியல் தயாரிக்கிறது. ஒரு தப்பு வராது. ஏனென்றால் அங்கே நிபந்தனை சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்க்கிறது. இங்கிலீஷ் பீரியடில் எதையும் பார்ப்பதில்லை, ஒட்டுகிறது.

'இனிமேல் செல்போனே எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடும், இதெல்லாம் எதுக்கு?' என்று ஒரு கூட்டம் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது. கொடுக்கட்டும், சந்தோஷம். நேர்முகத் தேர்வு மேஜையில் போனை எடுக்கவிடுவார்களா? அதைவிட, தனக்குப் புரியவில்லை என்று தெரிந்தால்தானே அந்தப் பேரன் போனைக் கேட்டிருப்பான்? அவன்தான் தொண்ணூற்றி இரண்டு மார்க்காயிற்றே.

இதற்கெல்லாம் புதுத் திட்டம், கமிட்டி, நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். இஃப் கிளாஸுக்குக் கோடிட்ட இடம் கொடுப்பதை நிறுத்துங்கள். அந்த வங்கிக் கடிதத்தை அப்படியே கேள்வித்தாளில் அச்சடித்து, கீழே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தாத்தா பதில் போடவில்லை, பணம் போகுமா, போகாதா? பதிலைத் தமிழிலும் எழுதலாம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

கேள்வித்தாள் தயாரிக்கிற குழுவில் இருந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

''நல்லாத்தான் இருக்கு. ஆனா, கைடுல இல்லையே சார்... பேரன்ட்ஸ் சண்டைக்கு வந்துடுவாங்களே'' என்றார்.